மூன்றாம் நாளும் வந்தால்

நம் பங்குச் சந்தை ஆய்வாளருக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். வீட்டில் மனைவி கல் பொறுக்கி வடித்த சோற்றையே இன்னொரு முறை விரலால் துழாவிவிட்டுத்தான் வாயில் வைப்பார் மனிதர். பெயர் அவர் காதுக்கும் வந்தது, மறுக்கவில்லை.

சந்தேகம் அவருக்குப் பிறவிக் குணமல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேகமாக வளர்கிறது என்று ஒரு கம்பெனியைப் பரிந்துரைத்தார். அதன் முதலாளி தேன் ஒழுகப் பேசினார். விற்பனையோ வருஷா வருஷம் இரட்டிப்பு. கடைசியில் கிடங்கைத் திறந்து பார்த்தால் அட்டைப் பெட்டிகளுக்குள் வெறும் காற்று! மாப்பிள்ளை சொன்னாரே என்று பணம் போட்டிருந்த மாமனார் இரண்டு வருஷம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை போனது. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆம், மூன்று நாள். வளரும் என்று தோன்றுகிற கம்பெனியின் தொழிற்சாலைக்கு எதிரே, காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை, நீலக் குடையும் நோட்டுமாக நிற்பார். எத்தனை லாரி வெறுமையாக உள்ளே போகிறது, எத்தனை பாரத்தோடு வெளியே வருகிறது, டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது, எல்லாம் நோட்டில் ஏறும். முதல் நாள் பிடிக்காவிட்டால் மறுநாள் எட்டிப் பார்க்க மாட்டார். மூன்றாம் நாளும் நின்றால், வாங்கலாம் என்று அறிக்கை எழுதுவார். எப்போது நுழைவது, எப்போது கழன்றுகொள்வது என்றும் சொல்வார். பெரும்பாலும் பலித்தது.

ஐம்பத்திரண்டாம் வயதில் வந்தது வினை. அறிக்கை வெளிவருவதற்கு முன்பே அந்தப் பங்கின் விலை ஏறத் தொடங்கியது. ஒரு முறை என்றால் தற்செயல் எனலாம். நான்கு முறை நடந்தது. உள்ளிருந்து யாரோ சேதியை விற்கிறார்கள், யாரென்று சொல்லுங்கள் என்று சந்தையைக் கண்காணிக்கும் அதிகாரிகள் கடிதம் அனுப்பினார்கள். ஆளைக் காட்டாவிட்டால் அவருடைய உரிமமே போய்விடும்.

பூதக்கண்ணாடி அலுவலகத்தின் பக்கம் திரும்பியது. மேலாளரின் புதுக் காரைப் பார்த்தார். ஜன்னல் துடைப்பவர் மேசைப் பக்கம் குனிவதைப் பார்த்தார். கடைசியில் பார்வை பிழை திருத்தும் அக்காவிடம் போய் நின்றது. அறிக்கையை அவருக்கு அடுத்துப் படிப்பது அந்த அம்மாள் ஒருவர்தான். பதினோரு வருஷமாக அவருடைய எழுத்துப் பிழைகளையும் முன்கோபத்தையும் பொறுத்துக்கொண்டவர். கொஞ்ச நாளாக அடிக்கடி மாடிப்படிக்குப் போய், வாயைப் பொத்திக்கொண்டு போன் பேசினார். கேட்டால், "வீட்டு விஷயம் சார்" என்று முடித்துக்கொண்டார். அது போதாதா? அக்கா பெயரை அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அக்காவை மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு போனபோது இவர் தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் நின்றார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் காலை, எதிரே பஞ்சர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சார், அப்ப வாங்கிடலாமா?"

"என்னத்தை?"

"இந்தக் கம்பெனியைத்தான். என் சகலை மருந்து ஃபேக்டரி வாசல்ல கடை வெச்சிருக்கான். நீலக் குடை மூணாவது நாளும் வந்தா கண்ணை மூடிட்டு வாங்குன்னான். உங்களுக்குன்னே குரூப் இருக்கு சார், மூவாயிரம் பேருக்கு மேல."

போனை நீட்டினார். அன்று காலை எடுத்த படம். குடை, நோட்டு, வழுக்கை எல்லாம் தெளிவாக இருந்தன.

அலுவலகத்துக்கு ஓடிவந்து நான்கு பங்குகளின் விலையையும் நாள் வாரியாக எடுத்தார். வளர்ச்சியைப் பார்க்கிறவன் தினசரி விலையைப் பார்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் அவர். விலைப் படத்தில் வாரத்துக்கு ஒரு கோடு என்று வரைவதே அவர் பழக்கம். அந்த ஒரே கோட்டுக்குள் விலையேற்றமும் அறிக்கை அக்கா கைக்குப் போனதும் சேர்ந்தே கிடந்தன. நாள் வாரியாகப் பிரித்தால், விலை ஏறியது அவர் வாசலில் நின்ற மூன்றாம் நாள். அறிக்கை அக்கா மேசைக்குப் போனது ஐந்தாம் நாள். நான்கு முறையும் அப்படியே. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

சேதி போனது தன்னால்தான், அந்த அம்மாள் குற்றமற்றவர் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். இனி எந்த வாசலிலும் நிற்க முடியாது, வேலை இதோடு சரி என்று தெரிந்தேதான் எழுதினார். நகலை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தவர் உட்காரச் சொன்னார். கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள். கணவனை விட்டு வந்திருந்த மகள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாடிப்படியில் பேசிய வீட்டு விஷயம் அதுதான் என்று கேட்காமலே விளங்கியது.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க" என்று கடிதத்தை நீட்டினார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"உங்களைப் பத்தியும் அதிகாரிங்க என்னை விசாரிச்சாங்க சார். நீங்க பேர் கொடுக்கறதுக்கு முந்தின வாரம். அறிக்கை எழுதறவரே சேதியை விக்கிறாரோன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சத்தியமா இருக்காதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்."