பெயர் ஓடும்போது வரும் இசை

படம் முடிந்த கையோடு எழுந்து ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இருபத்தெட்டு வருடம் அப்படி ஓடுகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் நான்.

திருச்சியில் ஒரு தியேட்டர். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. பெரும்பாலும் இங்கிலீஷ் படம்தான் போடுவார்கள். பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்க என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள். இங்கிலீஷ் படத்துக்கு எத்தனை பெண்கள் வரப்போகிறார்கள்? அதனால் பக்கவாட்டில் இருந்த மூன்று வெளிவாசல்களும் என் பொறுப்பாயின. காட்சி முடிகிற நேரத்துக்கு மூன்றும் திறந்திருக்க வேண்டும். முன்னாடியே திறந்தால் வெளிச்சம் திரையில் விழும், உள்ளே விசில் அடிப்பார்கள். தாமதித்தால் கூட்டம் கதவில் வந்து முட்டும். கடிகாரத்தை நம்ப முடியாது, ஏனென்றால் நேரமாகிவிட்டால் மாடியில் படம் ஓட்டும் ஆபரேட்டர் நடுவில் படத்தில் ஒரு துண்டை விட்டுவிட்டு ஓட்டுவார். நான் காதை நம்பினேன்.

விண்வெளிப் படங்கள்தான் எனக்குத் தோதானவை. சண்டைப் படத்தில் எது கடைசிச் சண்டை என்று வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? விண்வெளிப் படத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இசை வைத்திருப்பார்கள். கப்பல் கிளம்ப ஒன்று, பூமி தெரிய ஒன்று. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. ஆகவே அந்தப் படங்களின் பெயரை நான் சொல்ல மாட்டேன். இசையைச் சொல்வேன். எந்திர மனிதர்கள் வரும் படம் ஒன்று. அதன் இசை, காவிரிப் பாலத்தில் கூட்ஸ் வண்டி போவதைப் பாலத்துக்கு அடியில் நின்று கேட்பது போல இருக்கும். வேற்றுக் கிரகத்து ஜந்து வரும் படம் ஒன்று. அதில் ஒரே நரம்பை யாரோ விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், எனக்குப் பல் கூசும். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு இங்கிலீஷ் புரிந்தது? அவர்களும் என்னைப் போல இசையைப் பிடித்துக்கொண்டுதான் கதையைத் தாண்டினார்கள். ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று. வானத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை. ஏழு வாரம் ஓடியது. அதன் இசை ஒரே ஓர் ஊதலில் ஆரம்பிக்கும். பிறகு அடியில் வயலின்கள் வரும். ஊதல் மேலே ஏறப் பார்க்கும், முடியாமல் இறங்கும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். படம் நெடுக இதுதான். கடைசியில் பெயர்கள் ஓடும்போது மட்டும் மூன்றாம் தடவை ஏறும். இறங்காது. மேலேயே நிற்கும். அப்போது நான் பிடித்திருக்கும் தாழ்ப்பாள் அதிரும்.

அந்த மூன்றாம் ஏற்றத்தை ஏழு வாரத்தில் நான் நாலு தடவைதான் கேட்டேன். ஆபரேட்டர் டீ குடிக்கப் போய் மறந்துவிட்ட நாலு தடவை. மற்ற நாள் எல்லாம், கூட்டம் எழுந்தவுடன் டப்பென்று நிறுத்திவிடுவார். ஒருநாள் மாடி ஏறிப் போய்க் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடவிட்டா என்ன கொறஞ்சு போவுது?"

"வெறும் பேரு ஓடுதுக்கா. யாரு படிக்கப் போறா?"

"படிக்கறதுக்கு யாரு கேட்டா? மியூசிக் இருக்குல்ல."

"மியூசிக்குக்கு எல்லாம் புரொஜக்டர்ல கார்பன் குச்சி எரிக்க முடியுமாக்கா? மொதலாளி என்னைய எரிச்சுடுவாரு."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலையை, கடைசி வாய்ச் சோறு தொண்டையில் இறங்கும் முன் இலையை எடுப்பது போல எடுத்துவிடுகிறார்கள்.

டிவி மட்டும் என்ன ஒழுங்கு? ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், வீட்டுக்காரம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் டிவி பார்க்க உள்ளே விடுவார். அப்போது ஒரு விண்வெளித் தொடர் வரும். அதன் தலைப்பு இசை, எலெக்ட்ரிக் பெட்டியில் வாசித்தது, நீர்க்குமிழி ஒவ்வொன்றாக உடைகிற மாதிரி இருக்கும். அது வரும்போதுதான் அந்த அம்மாள், "இன்னும் கதை ஆரம்பிக்கல, குக்கர பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போவார். போகிறவர் சும்மா போவதில்லை, சத்தத்தையும் குறைத்துவிட்டுப் போவார். இப்போது காட்டூரில் என் மகன் வீட்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் வந்துவிட்டது. தலைப்பு இசை வாயைத் திறக்கும் முன் அமுக்கிவிடுகிறார்கள். அதை அமுக்குவதில் வீட்டில் போட்டி வேறு.

நான் இன்னும் ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறேன். இந்த வருடம் மகன் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னான், "அம்மா, நீ சொல்லுவியே ஒரு படம், அதுக்கு அடுத்த பாகம் வந்திருக்கு. அதே மியூசிக்காம்." துவாக்குடியில் ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை. ஞாயிறு மதியக் காட்சிக்கு அழைத்துப் போகிறேன் என்றான். நான் வருவது கடைசி இசைக்காக, மூன்றாம் ஏற்றத்தை ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

"அது போன்லயே இருக்கும்மா" என்று பழைய படத்து இசையைப் போட்டுக் காட்டினான். இருந்தது. மூன்று ஏற்றமும் இருந்தது.

"இது பாஸ்போர்ட் போட்டோடா. நான் ஆளையே பாக்கணும்."

புதுத் தியேட்டரில் கட்டில் போல சீட்டு. படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நிறைய வெடித்தது. முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அந்த ஒற்றை ஊதல் வந்தது. அதே ஊதல். உடனே விளக்கெல்லாம் எரிந்தது, கூட்டம் எழுந்தது, என் மகனும் எழுந்தான்.

"உக்காருடா."

"வெறும் பேருதாம்மா ஓடுது. அதுவும் இங்கிலீஷ்ல. நீ என்ன படிக்கவா போற?"

அந்த ஆபரேட்டராவது அந்நியர். இவனைப் படிக்க வைத்ததே அந்த மூன்று கதவுகள்தான். முதல் ஏற்றம் போய்க்கொண்டிருந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் துடைப்பத்தோடு வந்தாள். முப்பது வயது இருக்கும்.

"எந்திரிங்கம்மா, படம் முடிஞ்சிருச்சு."

"முடியல. மியூசிக் ஓடுதுல்ல?"

அவள் வாசலில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தாள். டை கட்டியவர். கையில் இருந்த கருவியில் அவர் ஏதோ பேசினார். இரண்டாம் ஏற்றம் பாதியில் நின்றது. திரையில் குளிர்பான விளம்பரம் வந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார்.

"உங்க ஆபரேட்டரக் கூப்பிடுங்க" என்றேன்.

"ஆபரேட்டர்னு யாரும் கிடையாதும்மா. எல்லாம் கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டரா நிறுத்துச்சு? நீங்க அதுல பேசினீங்க, நிறுத்துச்சு."

"அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்மா. பத்து நிமிஷம்தான் இருக்கு."

"அறுநூறு சீட்ட மூணு பேரா பத்து நிமிஷத்துல கூட்டியிருக்கேன். மியூசிக் ஓடினா துடைப்பம் ஓடாதா?"

துடைப்பக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவர், "வேணும்னா ஒரு காபி சாப்பிடுங்கம்மா, நம்ம செலவு" என்றார். காபி. மகன் என் தோளைத் தொட்டு, "வாம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அடுத்த காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டி டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்கள். அது அவர்கள் சீட்டு. அடுத்தவர் சீட்டில் உட்கார்ந்தவர்களை எத்தனை பேரை நான் எழுப்பியிருக்கிறேன். எழுந்துவிட்டேன். காபி குடிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து விடும் வரை மகனோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்கு நான் தனியாகப் போனேன். ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நடந்து. யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. அந்தத் துடைப்பக்காரப் பெண் என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"இன்னைக்கும் சண்டையாம்மா?"

"நிறுத்தினா சண்டைதான்."

"சூப்பர்வைசர் சாரு லீவு. நீங்க பாட்டுக்கு உக்காருங்க. நான் முன்வரிசைலேருந்து கூட்டிட்டு வரேன்."

மறுபடி எல்லாம் வெடித்து முடிந்தது. ஊதல் வந்தது. முதல் ஏற்றம். இறங்கியது. இரண்டாம் ஏற்றம். இறங்கியது. நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். வயலின்கள் ஒதுங்கி வழிவிட்டன. வந்தது மேளம். திமுதிமுவென்று ஒரு மேளம், அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டே போய் ஓய்ந்துவிட்டது. பெயர்கள் முடிந்தன. கம்பெனி முத்திரைகள் வந்தன. திரை இருண்டது.

மூன்றாம் ஏற்றம் இல்லை. எடுத்துவிட்டார்கள்.

அப்படியென்றால் அந்த டை கட்டியவர் ஞாயிற்றுக்கிழமை நிறுத்தியது மேளத்தைத்தான். அதற்காக அவர் மேல் இருந்த கோபத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. என்ன இருந்தது என்று தெரியாமல்தானே நிறுத்தினார்.

அந்தப் பெண் என் வரிசைக்கு வந்தாள். "முடிஞ்சுதாம்மா?"

"இல்ல. இன்னும் ஒண்ணு இருக்கணும். இவங்க போடல."

"எப்படி இருக்கும்?"

என் குரல் நல்ல குரல் இல்லை. ஆனாலும் எழுந்து நின்று மூன்றையும் பாடினேன். மூன்றாவதை மேலேயே நிறுத்தினேன், மூச்சு இருக்கும் வரை. அவள் துடைப்பத்தின் மேல் கையை ஊன்றிக் கேட்டாள்.

"நல்லாத்தானே இருக்கு. ஏன் எடுத்தாங்க?"

"அதத்தாம்மா நானும் கேக்கறேன்."

சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டேன். தனியாகப் போனதற்கு அவன் கத்தி முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, "அந்தப் படத்துக்கு மியூசிக் போட்டது யாருன்னு பாத்துச் சொல்லு" என்றேன்.

"எதுக்கும்மா?"

"திட்டறதுக்கு. யாருன்னு தெரியாம எப்படித் திட்டறது?"

தேடிப் பார்த்துச் சொன்னான். ஓர் ஆள் இல்லையாம், பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்டதாம். ஒவ்வொரு பெயராக அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். ஒருவருக்குக்கூடவா காது இல்லை?