இரவல் சுவர்

“அம்மா இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் மால்சூன் அக்கா பென்சிலைக் கையில் எடுப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் குடித்துவிட்டுக் காரை மருந்துக் கடைக்குள் விட்டவராக இருக்கலாம். சங்கத்துப் பணத்தைச் சுருட்டிய தலைவராக இருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் கேள்வி அதுதான். இருக்கிறார் என்றால், “உடம்புக்கு என்ன?” இல்லை என்றால், “கடைசியா என்ன சமைச்சுக் குடுத்தாங்க?” அடுத்தது, “கடைசியா எப்ப அழுதீங்க?” என்ன தப்புச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டார். “அது போலீஸ் ஃபைல்லயே இருக்கு. மத்தது எதுவும் அதுல இல்ல” என்பார்.

நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில், கீழே ஜெராக்ஸ் கடையும் மேலே பல் மருத்துவரும் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வக்கீல் ஹ்வாங்போவின் அலுவலகம். அக்கா அங்கே இருபத்திரண்டு வருஷமாக மேனேஜர். உண்மையில் அவர் செய்வது ஒரே வேலை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக நீதிபதிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவது. மனம் வருந்திக் கடிதம் போட்டால் தண்டனை குறையும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வருத்தம்தான் பலருக்கு வருவதில்லை. அந்தக் குறையை அக்கா தீர்த்துவைத்தார்.

மால்சூன் என்றால் கடைசிப் பெண். ஐந்தாவதும் பெண்ணாகிப் போன எரிச்சலில் அப்பா வைத்த பெயர்; போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அந்த மாதிரி. “என் பேரே ஒரு புகார் மனுதான்” என்று சொல்லிச் சிரிப்பார். வயது ஐம்பத்தெட்டு. குட்டை உருவம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுருட்டிக்கொள்ளும் தலைமுடி. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு ஊதா நிற ரப்பர் செருப்புக்கு மாறுவார். பாக்கெட் காபி இரண்டை ஒரே கோப்பையில் கொட்டி, காலிப் பாக்கெட்டையே சுருட்டிக் கலக்குவார். “அழுகைக்கு இனிப்பு வேணும்” என்பது அவர் கணக்கு.

ஏனென்றால் எழுதும்போது அவர் நிஜமாகவே அழுவார். காரை ஓட்டியவனுக்காகவும், கையாடல் தலைவருக்காகவும் மேஜைமேல் காகிதக் கைக்குட்டை குவியும். கடைசி வரியில் தேதி போட்டதும் மூக்கைச் சிந்திவிட்டு, “பசிக்குது, சாப்பிடப் போலாமா?” என்பார். எழுதியதைக் கட்சிக்காரர் தன் கையெழுத்தில் பிரதி எடுக்க வேண்டும். ஒருமுறை கோழிக்கறிக் கடைக்காரர் ஒருவர், அக்கா அடைப்புக்குறிக்குள் விட்டிருந்த “இங்கே உங்கள் பிள்ளையின் பெயரைப் போடவும்” என்பதையும் சேர்த்து அழகாகப் பிரதி எடுத்து அனுப்பிவிட்டார். அவருக்குப் பிள்ளையே கிடையாது. அன்றிலிருந்து அக்கா கடிதத்தில் காலி இடம் விடுவதில்லை.

வக்கீல் ஹ்வாங்போ ஒரு முன்னாள் நீதிபதி. இப்போது பெஞ்சில் இருக்கும் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். ஆகவே அவர் அதிகம் வாதாடுவதில்லை. எழுந்து நின்று ஒருமுறை இருமுவார். அந்த இருமலுக்குத்தான் கட்சிக்காரர்கள் கைநிறையக் கொடுத்தார்கள். கடிதம் அக்காவுடையது, இருமல் ஐயாவுடையது. இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் கட்சிக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் சரிவில் புன்னி என்ற பெண் கையால் வெட்டிய நூடுல்ஸ் சூப் விற்றுவந்தாள். அக்காவுக்குப் பதினைந்து வருஷமாக மதியச் சாப்பாடு அங்கேதான். சென்ற மழைக்காலத்தில், கடைக்கு மேல்புறச் சரிவில் புதிதாகக் கட்டிய ஐந்து மாடி வீட்டின் தாங்குசுவர் ஒரு காலை நேரத்தில் கடைமேல் சரிந்தது. புன்னி மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். உயிர் தப்பியது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கடை இருந்த இடத்தில் கடை இல்லை.

அக்கா கஞ்சி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். புன்னி கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: “சுவரு விழுந்து முடிஞ்சிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. எனக்கு இன்னும் விழுந்துகிட்டே இருக்கு.” அக்கா கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஹ்வாங்போ ஒரு பெரிய கட்சிக்காரரை அழைத்துவந்தார். பெயர் சே தொக்பால், கட்டட அனுமதிப் பிரிவின் தலைவர். ஃபைலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே புன்னியின் கடை, இடிபாடாக. சுவருக்குள் இருக்க வேண்டிய கம்பியில் பாதிகூட இல்லை; எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தவர் இவர். அக்கா ஃபைலை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தார். டாக்டர் கெட்டவனுக்கும் ஊசி போடுகிறாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, அதையும் சொல்லிக்கொண்டார்.

“நான் லஞ்சம் வாங்கலைங்க” என்றார் தொக்பால். “அறுவடைப் பண்டிகைக்குக் கருவாட்டுப் பெட்டி குடுத்தாங்க. அடியில பணம் இருந்துச்சு.”

“கருவாடு என்னாச்சு?”

“வறுத்துச் சாப்பிட்டோம்.”

“பணம்?”

“அதுவும் அப்படியே… தீந்துபோச்சு.”

அம்மா இருக்கிறாரா என்றதற்கு, இருக்கிறார், எண்பத்திரண்டு வயதில் வாரம் ஒரு மலை ஏறுகிறார் என்றார். கடைசியாக அழுதது, போன வருஷம் பேஸ்பால் இறுதி ஆட்டத்தில் தன் அணி தோற்றபோது. அக்காவின் பென்சில் இரண்டு நாள் நகரவில்லை. இவ்வளவு சுகமான மனிதரிடமிருந்து ஒரு சொட்டு பிழிய முடியாமல் ஆறு காபி குடித்தார். ஹ்வாங்போ கதவைத் திறந்து திறந்து எட்டிப்பார்த்தார். மூன்றாம் நாள் மதியம் பென்சில் தானாக ஓடியது: “அந்தச் சுவர் விழுந்து முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்குள் அது இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது.” எழுதியதும் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மீதிப் பக்கம் மளமளவென்று வந்தது.

தொக்பால் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். “யாருங்க இந்த ஆளு?” என்றார். “ரொம்பப் பாவமா இருக்கு.”

கடிதம் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், ஊன்றுகோலோடு புன்னி அக்காவின் வீட்டு வாசலில் நின்றாள். அந்த ஆளுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்று நீதிபதிக்கு ஒரு மனு எழுத வேண்டும், தனக்குத் தெரிந்து எழுதத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான் என்றாள். எதிர்த்தரப்பின் வக்கீல் யார் என்று அவளுக்குத் தெரியாது. அக்கா சொல்லவுமில்லை. ஹ்வாங்போவுக்குத் தெரிந்தால் அன்றே வேலை போகும். ஆனாலும் அவளை உள்ளே உட்காரவைத்து எழுதினார். ஒரு இடத்தில் மட்டும் பென்சிலை வைத்துவிட்டு, அந்தச் சுவர் விஷயத்தை வேறு மாதிரி எழுதினால் என்ன என்று கேட்டார். இடி மாதிரி, நிலநடுக்கம் மாதிரி என்று இரண்டு மூன்று சொல்லிப்பார்த்தார்.

“அதெல்லாம் எனக்கு நடக்கலையேக்கா” என்றாள் புன்னி. “சுவருதான் விழுது. அதையே எழுதுங்க.”

எழுதினார். அந்த மனுவுக்கு அக்கா அழவில்லை.

விசாரணை நாளன்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். நீதிபதி வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளம்பெண். ஹ்வாங்போ எழுந்து இருமினார். தண்ணீர் வேண்டுமா என்று நீதிபதி அக்கறையாக விசாரித்தார். ஹ்வாங்போ அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நீதிபதி இரண்டு காகிதங்களை அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே வரி இருப்பதாகச் சொல்லி அதை வாசித்தார். தொக்பாலைப் பார்த்து, “உங்களுக்குள்ள அந்தச் சுவர் எந்தப் பக்கமா விழுது?” என்று கேட்டார்.

தொக்பால் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.

“வலது பக்கமாங்க.”

“நிஜத்துல எந்தப் பக்கம் விழுந்தது?”

“அது… நான் நேர்ல பாக்கலைங்க.”

“அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடி போய்ப் பாத்திருப்பீங்களே?”

“அன்னைக்கு மழைங்க” என்றார் தொக்பால். யாரோ சிரித்தார்கள், காவலர் முறைத்ததும் நிறுத்தினார்கள்.

புன்னியிடமும் அதே கேள்வி போயிற்று. ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். “விழுறது எனக்குத் தெரியாதுங்க. சத்தம் வரும். அப்புறம் ஈர மாவு வாசம் வரும். முழிச்சதும் காலை அசைச்சுப் பாத்துக்குவேன்.” இந்த வார்த்தைகள் உங்களுடையவையா என்று நீதிபதி கேட்டார். “எழுத்து வேற ஒருத்தரோடது. வார்த்தை என்னோடது” என்றாள். அந்த வேறொருத்தர் யார் என்று சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு மேஜையில் கிடந்த ஃபைலின் அட்டையில் அக்கா வேலை பார்க்கும் அலுவலகத்தின் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கடைசி வரிசைப் பக்கம் அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தொக்பாலுக்கு இரண்டரை வருஷம். நீதிமன்றத்திலிருந்தே அழைத்துப் போனார்கள். ஹ்வாங்போ அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்தினார். அக்கா தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, போகச் சொல்வதற்காகக் காத்திருந்தார். ஹ்வாங்போவுக்கு வேறு வருத்தம். “அந்தம்மாவுக்கும் எழுதுனீங்க, சரி. அவங்களுக்கு வேற சுவர் குடுத்திருக்கக் கூடாதா?” என்றார். அக்கா பையைக் கீழே வைத்தார். வேலை போகவில்லை. அது போகாத வருத்தத்திலேயே அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

மேல்முறையீட்டுக்குக் கடிதம் எழுதச் சொன்னபோது ஐந்து வரியில் முடித்துக்கொடுத்தார். கருவாடு வாங்கினேன், பணம் வாங்கினேன், சுவரைப் போய்ப் பார்க்கவில்லை, அது ஒரு பெண்மேல் விழுந்தது, தப்பு. ஹ்வாங்போ காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல கண்ணீரே இல்லையே, மேனேஜரம்மா.”

“அவர்கிட்ட இருந்தது அவ்வளவுதான் சார்.”

தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லி ஹ்வாங்போ அறைக்குள் போனார். இருபது வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதங்களைப் படித்த மனிதர். சாயங்காலம் அவர் மேஜையில் “மாண்புமிகு நீதிபதி அவர்களுக்கு” என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. கடைசியில் அந்த ஐந்து வரியைத்தான் அனுப்பினார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

வசந்தத்தில் புன்னி சந்தை மூலையில் நான்கு மேஜை போட்டுச் சின்னதாகக் கடை திறந்தாள். அக்கா பத்து நாள் அந்தப் பக்கம் போகாமல் ரொட்டி தின்று பொழுதை ஓட்டினார். பதினோராம் நாள் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். புன்னி காலை இழுத்து இழுத்து நடந்துவந்து சூப்பை வைத்தாள். சூப்பில் மட்டிச் சிப்பி எப்போதையும்விட ஒரு பிடி அதிகமாகவே போட்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உப்பு சரியா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்:

“என் சுவரை எடுத்து அந்தாளுக்கு ஏன் குடுத்தீங்கக்கா?”

அக்கா இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி, அண்ணாந்து, மிச்ச சூப்பைக் குடிக்கத் தொடங்கினார். சூப் தீர்ந்துபோயிற்று. அடியில் கிடந்த மட்டி ஓடுகள் சரிந்து உதட்டில் வந்து முட்டின. அக்கா கிண்ணத்தை முகத்திலிருந்து இறக்கவில்லை.