சந்து விடாத திரை

தேன்மொழி தைத்த திரை ஒரு ஜனவரி மாதம் அவள் புருஷன் உயிருக்கே உலை வைக்க வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் அது எவ்வளவு நல்ல திரை என்று சொல்லியாக வேண்டும். எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. நகரியிலிருந்து புத்தூர் போகும் சாலையில் லாரிகளுக்கு பேட்டரியும் ஒயரிங்கும் பார்க்கிற கடை என்னுடையது. டிரைவர்கள் ராத்திரி கேபினில் படுக்க நான் சின்ன ஃபேன் மாட்டிக் கொடுப்பேன். என் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டிதான். லாரி வந்து நின்றால் டிரைவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கம் போவான். எரியுமா எரியாதா வயிறு?

எங்கள் பக்கத்து மே மாதத்தில் லாரி கேபின் எப்படி இருக்கும் என்று அதில் படுத்தவனுக்குத்தான் தெரியும். கீழே இஞ்சின் சூடு, மேலே தகரக் கூரையின் சூடு. பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆனபிறகும் ஸ்டியரிங் கையைச் சுடும். என் ஃபேன் அந்த அனலையே வாரி முகத்தில் அடிக்கும், மறுக்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கலாம் என்றால் முதலாளிமார் விடமாட்டார்கள். பாதிப் பேர் லாரிக்கு அடியில் பாயை விரித்து, தேளுக்கும் டீசல் திருடனுக்கும் பயந்து அரைக்கண் மூடிக் கிடப்பார்கள்.

தேன்மொழியின் புருஷன் ஹரிபாபு அப்படித்தான் ஒரு கோடையில் தூக்கம் கெட்டுக் கெட்டு, கடப்பா சாலையில் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். வண்டி பள்ளத்தில் இறங்கி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவன் முகத்தைப் பார்த்த தேன்மொழி அன்றைக்கே ஊசியை எடுத்தாள். அவள் பிறந்தது நகரியில் பவர்லூம் வீட்டில். தறி ஓடுகிற வீட்டில் கழிவுப் பஞ்சுக்கும் துண்டுத் துணிக்கும் பஞ்சம் ஏது? வெளியே வெள்ளி ஷீட்டு, நடுவில் பஞ்சு, உள்ளே கெட்டிக் கட்டம் போட்ட துணி, மூன்றையும் சேர்த்து மெத்தை மாதிரி தைத்தாள். கேபின் ஓரத்து இரும்பில் கப்பென்று ஒட்டிக்கொள்ள விளிம்பு முழுக்க காந்தம். காந்தம் பழைய ஸ்பீக்கரில் நான் கழற்றிக் கொடுத்தது. என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

அவள் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. திரையைத் தைத்து முடித்ததும் நட்டநடு வெயிலில் அந்த லாரிக்குள் ஏறி, எல்லா ஜன்னலையும் திரையால் மூடிவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொள்வாள். எங்காவது குண்டூசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் போச்சு, இறங்கி வந்து பிரித்து மறுபடி தைப்பாள். டிரைவர் போதும் போதும் என்று கெஞ்சினாலும் விடமாட்டாள். வெளிச்சம் வருகிற சந்தில் அனல் வரும், அனல் வருகிற சந்தில் குளிரும் வரும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. பாலசமுத்திரம், பிச்சாட்டூர் பக்கத்து டிரைவர்கள்கூட அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம் அவளுக்கு. திரையைக் குறை சொன்னவன் அவள் கடை முன்னால் வண்டி நிறுத்த முடியாது.

போன குளிர்காலத்தில் ஹரிபாபுவுக்குக் காஷ்மீர் லோடு கிடைத்தது. சித்தூர் பக்கத்து ஃபேக்டரியிலிருந்து மாம்பழக் கூழ் டின்களை ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது ஆப்பிள் ஏற்றி வர வேண்டும். கூட வர வேண்டிய இன்னொரு டிரைவர் காய்ச்சல் என்று நாக்பூரிலேயே இறங்கிவிட, மேலே இவன் தனியாகத்தான் போனான். குளிருக்கு என்ன செய்வது என்று கிளம்புமுன் இவன் கேட்டபோது தேன்மொழி கையில் வழி தயாராக இருந்தது. எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில், குழந்தையைக் குளிப்பாட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு மண்சட்டித் தணலில் சாம்பிராணி போட்டுக் காட்டுவார்கள். அறை கதகதப்பாகிக் குழந்தை அப்படியே தூங்கிப்போகும். தன் மகள் பிரித்திகாவை அவள் வளர்த்ததும் அப்படித்தான். அதே மாதிரி ஒரு மண்சட்டியும், ஒரு கோணி நிறைய கொட்டாங்குச்சிக் கரியும் லாரியில் ஏற்றி அனுப்பினாள். கொட்டாங்குச்சிக் கரி புகையாது, கண் எரியாது என்று என்னிடமும் பெருமையாகச் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஒருநாள் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. வெளிமாநில ப்ரீபெய்ட் போன்கள் காஷ்மீர எல்லையைத் தாண்டினால் செத்த மாதிரிதான். அதனால் ஹரிபாபு யாரிடமாவது இரவல் வாங்கித்தான் பேசுவான்.

“தேனு, இங்க பனி கொட்டுது. பனிஹால்ல ரோட்ட மூடிட்டாங்க. வண்டிங்கல்லாம் வரிசையா நின்னுகினு கீது. கை வெறச்சிப் போச்சி. நீ குடுத்த சட்டியில கரியப் போட்டு, திரைய இழுத்து மூடிக்கினு படுத்துக்கறேன். இது யாரோ ஒருத்தர் போனு, வெச்சிடறேன்.”

தட்டிக்கு இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து அவள் என்னைச் சீண்டினாள். “கேட்டியாண்ணே? உன் ஃபேனு அங்க என்னா பண்ணும்?”

நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஷட்டரை இறக்கப் போனேன். அப்போதுதான் பாலசமுத்திரத்து நாகபூஷணம் அவள் கடைக்கு வந்தார். பழைய டிரைவர், அளந்து பேசுகிறவர். தேன்மொழி அவருக்குத் தைத்துக் கொடுத்த திரையையே மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

“இதுல ரெண்டு ஓட்டை வெட்டிக் குடும்மா. இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு.”

தேன்மொழிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “நல்லா கீது நியாயம். எலி கடிக்கற வேலைய நான் செய்யணுமா? ஓட்டையோட வேணும்னா எதுக்கு எங்கிட்ட வந்த, ஒரு கோணிய மாட்டிக்க வேண்டியதுதான?”

நாகபூஷணம் கோபப்படவில்லை. திரையை மேசைமேல் வைத்தார். “போன தபா நானும் காஷ்மீர் போனேம்மா. கரிச் சட்டி வெச்சிக்கினு உன் திரைய மூடிக்கினு படுத்தேன். பொகை இல்ல, வாசனை இல்ல. நல்லா கதகதன்னு கீது. நடுவுல ஒன்னுக்கு வந்து எழுந்துக்கப் போறேன், காலு எங்கிட்ட இல்ல. தல கல்லு மாதிரி கீது. கதவு மேல உயுந்தேன். அது தெறந்துகிச்சி, பனியில போய்க் கெடந்தேன். அந்த ஊரு டீக்கடைக்காரரு சொன்னாரு, வருஷா வருஷம் இப்பிடி வண்டிக்குள்ளயே நாலு பேரு போயிடறாங்களாம். தணலு காத்தத் துன்னுடுது.”

“சும்மா பயமுறுத்தாத” என்றாள் தேன்மொழி. குரலில் பழைய கெத்து இல்லை. “பச்சக் கொழந்தைக்கே கதவ மூடிக்கினு தணல் வெக்கறோம். எந்தக் கொழந்தைக்கு என்னா ஆச்சி?”

“ஊட்ல ஓடு கீதும்மா. ஓட்டுச் சந்துல காத்து பூந்து வரும். உன் திரையில சந்து எங்க?”

அவள் தான் தைத்த திரையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.  ஹரிபாபு படுக்கப் போகிறேன் என்று சொல்லி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

அந்தத் தெரியாத நம்பருக்குப் போட்டோம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் காடி, ஆக், ஆத்மி அந்தர் என்று, வண்டியில் நெருப்பு, உள்ளே ஆள் என்கிற அர்த்தத்தில் உளறினேன். எடுத்தவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவர் வழியில் போனவர், போனைக் கொடுத்து வாங்கிக்கொண்டு அப்போதே மலைமேலிருக்கிற தன் ஊருக்குப் போய்விட்டார். இந்தப் பனியில் இறங்கி வர முடியாது என்றார். அவசர நம்பரை அடித்தால் நம் மாவட்டத்தில்தான் எடுக்கிறார்கள். அவர்களும் அந்தப் பக்கத்துக்குச் சொல்கிறோம் என்றார்கள். எப்போது சொல்லி எப்போது ஆள் போவது?

தேன்மொழி அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நாகபூஷணத்தின் கையைப் பிடித்தாள். “உங்க ஆளுங்க யாருனா அங்க இருப்பாங்க. யோசிண்ணே. யோசிச்சி சொல்லு.”

அவருக்கு ஒருவன் ஞாபகம் வந்தான். மதனப்பள்ளி முரளிதரன், அதே ஃபேக்டரியின் லோடு, இரண்டு நாள் பின்னால் கிளம்பியவன். அவனிடம் மட்டும் காஷ்மீரிலும் வேலை செய்கிற போஸ்ட்பெய்ட் போன். முதல் தடவை மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை எடுத்தான். அவனும் பனிஹால் வரிசையில்தான் இருந்தான், எங்கோ பின்னால். நாகபூஷணம் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெலுங்கில் மளமளவென்று சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் லாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவன் நடக்க ஆரம்பித்தான். போனைத் துண்டிக்க வேண்டாம் என்று தேன்மொழி கேட்டுக்கொண்டதால், அவன் மூச்சு வாங்குவதும் காலடியில் பனி நொறுங்குவதும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லா லாரியும் வெள்ளையாகக் கிடக்கிறது, நம்பர் பலகைகூடத் தெரியவில்லை என்றான். ஒவ்வொரு பலகையாகக் கையால் துடைத்துப் பார்த்தான். பஞ்சாப், ஹரியானா, மறுபடி பஞ்சாப். ஒவ்வொன்றுக்கும் தேன்மொழி கண்ணை மூடித் திறந்தாள். இங்கே சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அவற்றின் ஹாரனை எல்லாம் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது.

கடைசியில், “தொரிகிந்தி வதினா” என்றான். கிடைத்துவிட்டது அண்ணி. முன் கண்ணாடி முழுக்க வெள்ளி ஷீட்டு என்றான். கதவைத் தட்டினான். உள்ளேயிருந்து சத்தமில்லை. பலமாகத் தட்டினான், ஹரியன்னா என்று கூப்பிட்டான். ஒன்றுமில்லை. கதவு உள்ளே பூட்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்றால் திரை ஒரு நூல்கூட விலகவில்லை.

“நித்ர போத்துன்னாரு வதினா” என்றான். தூங்குகிறார், களைப்பு, விட்டுவிடலாமே என்கிற மாதிரி. டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூங்குகிற டிரைவரை எழுப்ப மாட்டார்கள். அது பெரிய பாவம் என்பார்கள், தூக்கத்தைக் கெடுத்தவன் மறுநாள் விபத்துக்குப் பொறுப்பு என்பார்கள். அடுத்த வண்டி ஆட்கள்கூட இறங்கி வந்து, ஏன் எழுப்புகிறாய் என்று முரளியைத் திட்டுவது எங்களுக்குக் கேட்டது.

“முரளி, கண்ணாடிய ஒடை” என்றாள் தேன்மொழி.

“வதினா, வேறவாள்ள பண்டி...” அடுத்தவர் வண்டியாயிற்றே என்று இழுத்தான்.

“வேறவாள்ளது இல்ல, என் புருஷன் வண்டி. அத்தம் பகலகொட்டு, ஒடை கண்ணாடிய. யாருனா கேட்டா பொண்டாட்டி சொன்னான்னு சொல்லு. ஒடை.”

கண்ணாடி உடையும் சத்தம் போனில் சின்னதாகத்தான் கேட்டது.  அடுத்து முரளியின் பதற்றமான குரல். கை உள்ளே போகவில்லை, திரை இறுக்கமாக ஒட்டியிருக்கிறது, விலக்கினால் விலகவில்லை என்றான்.

“கிழி” என்றாள். “கத்தி கீதா? அறுத்துப் போடு. எனக்குத் திரை வேணாம், அறு.”

துணி கிழிகிற சத்தம். கதவு திறந்தது. பிறகு பல பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எங்களுக்குப் புரியாத பாஷையில். எதையோ இழுத்துக் கீழே போட்டார்கள். ஹரியன்னா, ஹரியன்னா என்று முரளி கத்துவது மட்டும் தெரிந்தது. அப்புறம் போன் எங்கோ விழுந்துவிட்ட மாதிரி ஒரே காற்றுச் சத்தம். நாகபூஷணம் தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. யாரோ குமட்டி வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அதற்குமுன் ஒரு மனிதன் வாந்தி எடுப்பதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதில்லை. அதன்பின் இருமல். அதன்பின் நாக்குக் குழறிய ஒரு கெட்ட வார்த்தை, “எவன்டா கண்ணாடிய ஒடச்சது” என்ற கேள்வி. நாகபூஷணம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

முரளி போனை அவன் காதில் வைத்திருக்க வேண்டும். ஹரிபாபுவின் மூச்சு கிட்டத்தில் கேட்டது.

“தேனு, நீயா? ஏன் எழுப்புன என்ன? இவ்ளோ நல்லா என் ஆயுசுல நான் தூங்குனதே இல்ல தெரியுமா?”

அவன் மயக்கத்தில் மெய்யாகவே சந்தோஷமாகச் சொன்னான். அவனை அப்படித் தூங்கவைக்கத்தான் இவள் இத்தனை வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

“அவ்ளோ நல்லா தூங்காத நீ” என்றாள். “அரைத் தூக்கம் போதும். பொரண்டு பொரண்டு படு, குளுருதுன்னு என்னத் திட்டு. எனக்கு நீ வேணும்.”

நாங்கள் இரண்டு ஆண்கள் பக்கத்தில் நிற்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.