சேலை காயப்போட்ட ஆம்பளை

அநியாயம் நடந்தது ஸ்டெல்லா அக்காவுக்கு. எண்ணூரிலிருந்து தினம் காலையில் பஸ் ஏறி வந்து, ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் மீன் கூடையை இறக்குகிறவர் அவர். அவரே கட்டி, அவரே பாடிய பாட்டை, முகம் தெரியாத ஏதோ ஒரு ஆம்பளையின் பாட்டு என்று ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்த அநியாயத்தைச் செய்தது வேறு யாரும் இல்லை. நியாயம் பேசுவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் நான்தான்.

என் பகுதிநேர வேலை ஸ்லோட் ரிவர்ப். ஒரு பாட்டின் வேகத்தைக் குறைத்து, பெரிய காலி மண்டபத்துக்குள் நின்று பாடியது மாதிரி எதிரொலி சேர்த்து, ரீல்ஸ் போடுகிறவர்களுக்குக் கொடுப்பது. மழை, ஜன்னல், பைக்கில் தூரப் போகிற ஒரு முதுகு, இவற்றுக்குப் பின்னால் தூக்கக் கலக்கத்தில் ஒரு பாட்டு ஓடுமே, அதை ஓடவிடுவது எங்களைப் போன்றவர்கள்தான். "ரெண்டு பட்டனைத் தட்டுறது ஒரு வேலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சக எடிட்டர்களே, உங்களிடம் சொல்லாமல் இதை நான் யாரிடம் சொல்வேன்?

வண்டி ஓடலை

என் முதல் வாடிக்கையாளர் ஷேர் ஆட்டோ சேகர் அண்ணன். ராயபுரத்துக்கும் திருவொற்றியூர் தேரடிக்கும் நடுவே நாள் முழுக்க ஓட்டுகிறவர். "வண்டில போட ஃபீலிங்கா நாலு பாட்டு குடு பாப்பா" என்றார். நான் நாலு கேட்டால் நாற்பது கொடுக்கிற ஆள். பென்டிரைவ் நிறைய மெதுவாக்கிக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் வண்டியை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். டோல்கேட்டில் இறங்க வேண்டிய ஒரு அம்மா தேரடி வரைக்கும் தூங்கிக்கொண்டே போய், எழுந்ததும் இவரைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். நான் விடுவேனா? "அண்ணே, அவங்க தூங்கினதுக்குக் காரணம் பாட்டு இல்ல. பத்து மணிநேரம் நின்னுக்கிட்டே வேலை வாங்குற கம்பெனி. அவங்களை அங்க போய்க் கேக்கச் சொல்லுங்க" என்று தொடங்கி, தொழிலாளர் ஓய்வு நேரம் வரைக்கும் வந்துவிட்டேன். சேகர் அண்ணன் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "நீ சொல்றதெல்லாம் கரீட்டு பாப்பா. ஆனா உன் பாட்ட போட்டா என் காலே ஆக்ஸிலேட்டர அமுக்க மாட்டேங்குது. பின்னால வர்ற கன்டெய்னர் லாரிக்காரன் ஆரன் அடிச்சே சாவடிக்கிறான்!"

பத்து பலூன்

எதிரொலியிலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. எடிட் செய்கிற ஆப்பில் வருகிற எதிரொலி எல்லாம் எங்கேயோ வெளிநாட்டு மண்டபத்தில் பிடித்தது. நம் பாட்டு ஏன் முன்பின் தெரியாத ஒருத்தன் மண்டபத்துக்குள் போய்க் கூவ வேண்டும்? நமக்கு எதிரொலிக்க இடமா இல்லை? இதை வகுப்பில் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். நான் எம்.ஏ. சமூகவியல். அங்கே சிரிப்பு வந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

வழி ரொம்ப எளிது. எந்த இடத்தின் எதிரொலி வேண்டுமோ அங்கே போய் ஒரு பலூனை உடைத்து, அந்தச் சத்தம் அடங்குகிற வரை ரெக்கார்டு செய்ய வேண்டும். அதை ஆப்பில் ஏற்றிவிட்டால், எந்தப் பாட்டும் அந்த இடத்தில் பாடியதாகவே கேட்கும். அப்பாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கெஞ்சி, வாதாடி, கடைசியில் சாப்பிடாமல் இருந்து, ஒரு நாள் அவரோடு போனேன். காலியாகக் கிடந்த நாற்பதடி கன்டெய்னர். உள்ளே போய் முதல் பலூனைக் குத்தினேன். ஐயோ, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! தகரச் சுவர் ஒவ்வொன்றும் அதை வாங்கி அடுத்த சுவருக்குக் கொடுத்து, கடைசியில் வால் மட்டும் நடுங்கிக்கொண்டே காதில் நின்றது. எனக்குக் கை கால் எல்லாம் புல்லரித்தது. வெறி பிடித்தது போல மீதி ஒன்பதையும் உடைத்தேன். வெடிச்சத்தம் கேட்டு செக்யூரிட்டி லத்தியோடு தலைதெறிக்க ஓடிவந்து, கையில் கிழிந்த பலூனோடு குதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மூச்சு வாங்கியபடி கேட்டார்: "இன்னாம்மா, பொறந்த நாளா? கேக்கு எங்க?"

உரியவருக்கு நன்றி

இப்போது ஸ்டெல்லா அக்கா. மீன் அரிந்துகொண்டே பாடுவார். எண்ணூர் ஆலைப் புகைபோக்கிச் சாம்பல் அவர் வீட்டுக் கொடித்துணியில் வந்து உட்காருவதைப் பற்றி அவரே கட்டிய கானா:

வெள்ளச் சேல காயப்போட்டேன் காலையில
சாம்ப சேல மடிக்கிறேன்டி மாலையில
கடையில நான் கேட்டதில்ல இந்தக் கலரு
காத்துல வந்து குடுத்துட்டுப் போவுது எண்ணூரு

ஒரு நாள் கொடுவா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டே இதைப் பாடினார். நான் போனில் பிடித்துக்கொண்டேன். கத்தி செதிலில் சரக் சரக்கென்று ஓடியதே, அதுதான் தாளம். வீட்டுக்கு வந்து வேகத்தைக் குறைத்து, என் கன்டெய்னர் எதிரொலியைச் சேர்த்து ஓடவிட்டேன். செதில் உரசுகிற சத்தம் அலை இழுக்கிற சத்தமாகிவிட்டது. அக்காவின் குரல் ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கட்டிலிலிருந்து நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்து பார்த்தார்கள். உடனே என் ரீல்ஸ் பேஜில் போட்டேன். நம் தொழிலில் எல்லாரும் எழுதுகிற வழக்கமான வரியை நானும் எழுதினேன்: "க்ரெடிட் உரியவருக்கு." உரியவர் யார் என்று எழுதுகிற வழக்கம் நமக்கு இல்லையே! அன்று காலையில்தான் பெண்களின் உழைப்பில் பெயர் எப்படிக் காணாமல் போகிறது என்று கருத்தரங்கில் மேஜையைத் தட்டிப் பேசிவிட்டு வந்திருந்தேன். அது வேறு.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மழை வீடியோ, பீச் வீடியோ, ரயில் வீடியோ என்று எங்கே பார்த்தாலும் அதுதான். பின்னூட்டங்களைப் படித்தபோதுதான் நான் செய்து வைத்தது புரிந்தது. வேகம் குறைத்தால் குரலும் இறங்கும். அக்காவின் குரல் இறங்கி இறங்கி ஆம்பளைக் குரலாகியிருந்தது. "அண்ணன் குரல்ல கடல் இருக்கு" என்று ஒருவர். ஆம்பளை எதற்குச் சேலை காயப்போடுகிறான் என்று யாராவது யோசிப்பார்கள் என்று பார்த்தேன். யோசித்தவர் இப்படி எழுதியிருந்தார்: "அம்மாவாவே மாறிப் பாடிட்ட தலைவா, அழுதுட்டேன். ஆம்பளைங்களால மட்டும்தான் பொம்பளைங்க வலிய இவ்ளோ ஆழமா பாட முடியும்."

மீசை

அந்தத் தலைவனும் சீக்கிரமே கிடைத்துவிட்டான். வியாசர்பாடி ராக்கெட் ரமேஷ். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் எடிட்டுக்கு வாயசைத்து ஒரு வீடியோ போட்டிருந்தான். "நீங்களா பாடினது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, இரண்டு கை கூப்பிய படத்தைப் போட்டான். அடுத்து ஒரு போஸ்டர் வந்தது. வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இறுதி ஆட்டம். முடிந்ததும் மேடையில் "சாம்ப சேல புகழ் ராக்கெட் ரமேஷ்".

மேடை என்றால் ஸ்டெல்லா அக்காவுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். தன் குப்பத்துத் திருவிழாவில் ஒரு தடவை மைக் பிடித்துப் பாட மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "கானா ஆம்பள பாடறது. நீ மாதா கோயில் கொயர்ல பாடிக்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். இப்போது அவர் பாட்டு மேடை ஏறுகிறது, அவர் இல்லாமல். ஓடிப்போய் கூடைக்குப் பக்கத்தில் குந்தி, போனை அவர் காதில் வைத்தேன். மீன் அரிந்துகொண்டிருந்த கத்தி நின்றது. "யார்ரா இவன்? என் பாட்ட எட்த்துகினு போய் பாடிகினு கீறான்!" என்றார். அவருக்கே அவர் குரல் தெரியவில்லை.

"அது நீங்கதான் அக்கா" என்றேன். எப்படி மெதுவாக்கினேன், குரல் எப்படி இறங்கியது, எல்லாம் சொன்னேன். மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நானா? எனக்கு எப்போ மீச மொளச்சிது?" என்று கூடை அதிரச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு போனை வாங்கி, பாட்டுக்குக் கீழே நான் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது. "ஏன் ஜெனி," என்றார், "என் பேர எழுத அதுல எடமில்லியா?"

ப்ரூஃப்

வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் பெயரை எழுதினேன்: எழுதிப் பாடியவர் ஸ்டெல்லா, எண்ணூர். "வந்துட்டாங்கப்பா பொண்ணுங்க உரிமைக்கு" என்று ஒரு கூட்டம் சிரித்தது. ரமேஷுக்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "ப்ரூஃப் இன்னா கீது?" கோபத்தில் நாலு பக்கத்துக்கு மறுப்புரை எழுதினேன், அடிக்குறிப்போடு. மேடையிலேயே வாசிப்பது என்று முடிவு.

சனிக்கிழமை சேகர் அண்ணன் வண்டியில் போகும்போது என் கோபத்தை எல்லாம் அவர் தலையில் கொட்டினேன். அவர் பாதிதான் கேட்டிருப்பார். பின்னால் அதே லாரி, அதே ஆரன். அவருக்கு அவர் கவலை. வெறுத்துப்போய்த் திரும்பிக் கேட்டார்: "அதெல்லாம் சரி பாப்பா, மெதுவாக்கத் தெரிஞ்ச உனக்குத் திரும்ப ஸ்பீடாக்கத் தெரியாதா?"

வியாசர்பாடி

வண்டிக்குள்ளேயே நான் கத்திவிட்டேன். சேகர் அண்ணன் பிரேக் போட்டுவிட்டார். அதுதானே ப்ரூஃப்! மறுநாள் மேடைக்கு ஒலிபெருக்கி வைத்தது யார் தெரியுமா? சேகர் அண்ணனின் மச்சான். ரமேஷ் தன் பென்டிரைவை அவரிடம் கொடுத்திருந்தான். மேடையிலும் வாயசைப்பதுதான் திட்டம். மச்சான் அதே எடிட்டை ஓடவிட்டார், என் பென்டிரைவிலிருந்து.

சாயங்கால வெயில், மைதானம் முழுக்கத் தலை. ரமேஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உருகினான். முதல் நாலு வரி அப்படியே போனது. ஐந்தாவது வரியிலிருந்து என் கைவேலை. வேகம் துளித்துளியாக ஏறியது. அலைச்சத்தம் செதில் உரசுகிற சத்தமானது. ஆம்பளைக் குரல் ஏறி ஏறி, மீசை உதிர்ந்து, ஸ்டெல்லா அக்காவாகியது. ரமேஷின் வாய் விடாமல் துரத்திக்கொண்டு ஓடியது, பாவம், நிறுத்தினால் மானம் போகுமே! பாட்டு முடிந்த இடத்தில், அன்றைய ரெக்கார்டில் அக்கா மீன் வாங்கினவரிடம் பேசியதை, எடிட்டுக்காக நான் முன்பு வெட்டிப் போட்டிருந்த அந்தத் துண்டையும் ஒட்டி வைத்திருந்தேன். எட்டு ஸ்பீக்கரிலும் அக்கா கேட்டார்: "தலைய கொயம்புக்கு எட்த்துக்கிறியா, தூக்கிப் போட்டுடவா?"

அதற்கும் ரமேஷ் வாயசைத்தான்.

மைதானம் வெடித்தது. ஜெயித்த டீமுக்குக்கூட அப்படி விசில் பறக்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே ஸ்டெல்லா அக்கா கொடியில் காய்ந்த அதே வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, சாவகாசமாக மேடைப்படி ஏறினார். நான் பின்னாலேயே நாலு பக்கத்தோடு ஓடினேன். ரமேஷ் கண்ணாடியைக் கழற்றினான், மைக்கை மட்டும் விடவில்லை. "சரி யக்கா, நான் பாடினா இன்னா, நீ பாடினா இன்னா? பாட்டு ஒண்ணுதான?" என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு நியாயம் கேட்டான். கலை யாருக்குச் சொந்தம் என்ற என் இரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன். அக்கா என் கையை லேசாகத் தள்ளிவிட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் மூன்று தடவை பாடியதும், கோப்பை கொடுக்க வந்தவர் கோப்பையோடு நின்றுகொண்டே தாளம் போட்டதும் வீடியோவில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

பாடுவதற்கு முன்னால் அவர் ரமேஷுக்குக் கொடுத்த பதிலை, என் நாலு பக்கமும் இன்னும் வாசிக்காமலே கிடக்கிற காரணத்தால், மெதுவாக்காமல், எதிரொலி சேர்க்காமல், உரியவர் பெயரோடு இங்கே போடுகிறேன்.

ஸ்டெல்லா, எண்ணூர்: "பாட்டு ஒண்ணுதான் நைனா. சேல என்னுது."