லாரியில் போட்ட மெத்தை

மலைமேல் சோளக்காடு ஊரில் லாரியிலிருந்து ஒரு கிரைண்டரை இறக்கினார்கள். அதைச் சுற்றியிருந்த வைக்கோலின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வயது குறைந்துவிட்டது.

அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் கனத்த இயந்திரங்களை வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்டி அனுப்புவது அப்பாவின் வேலை. மலைமேலிருக்கும் அரியூர் நாட்டுக்கு முதல் நெல் அரவை மிஷின் ஏறிய அன்று, லாரியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பலகை குத்தியது. மிஷினுக்கு அடியிலிருந்து வைக்கோலை உருவி மெத்தை போட்டுக்கொண்டேன்.

"கண்ணு, கெட்டியா புடிச்சுக்க!" என்று அப்பா முன்னாலிருந்து கத்தினார். வளைவுக்கு வளைவு நான் கூச்சலிட்டுக் குதித்தேன். மிஷினும் குதித்தது.

மேலே மேளத்தோடு ஊரே காத்திருந்தது. இறக்கிப் பார்த்தால், சக்கரத்தில் விரிசல்.

"ஏனுங்க, இப்பிடியா கட்டுவீங்க? பொம்பளைங்க இன்னும் ஒலக்கையோட மாரடிக்கோணுமா?" என்றார் ஊர்ப் பெரியவர்.

அப்பா என் மெத்தையைப் பார்த்தார். "கட்டு என்னுதுங்க. தப்பும் என்னுதுங்க" என்றார்.

அதன்பிறகு மலைக்குப் போகும் சாமானைக் கட்ட அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் சாகும்வரை நானும் வாய் திறக்கவில்லை.