வெளியே காட்டிய அம்புக்குறி

உறையூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் போட்டதிலிருந்து என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி நடத்துகிறவர், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மீட்டர் முன்னால் போய் நிற்பார். எங்களுக்குப் போக மிச்சமான கரண்ட் தெருவுக்குப் போகிறபோது, அதில் வெளியே பார்த்த அம்புக்குறி ஒன்று எரியும். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும்.

தெருவில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். அதுதான் அவருக்கு ஆகாது. கம்பத்தில் ஏறுகிறவர்மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாதென்றுதான் அப்படி வைத்திருக்கிறோம் என்று மாட்டியவர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் காதில் வாங்கினேன். அவர் வாங்கவில்லை.

ஒரு சித்திரை மாதம், கம்பி மாற்றுவதற்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். "மேல வெயில் கொளுத்துது, கீழ ஃபேன் ஓடல. யாரை ஏமாத்துறானுங்க?" என்று கத்தியவர், மண்டி ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் வரவழைத்தார். அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகினார். மண்டியிலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அங்கே, கரண்ட் தெருக் கம்பிக்குப் போகாதபடி கணக்குப்பிள்ளை முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். முதலாளி கை அந்த மெயினைத் தொட்டதே இல்லை.

ஜெனரேட்டர் உறுமியது. தெருவில் கரண்ட் வந்துவிட்டதென்று நம்பிச் சோலாரும் ஓடத் தொடங்கியது. "இங்க வந்து பாரு, வெளியே போகுது!" என்று மீட்டர் முன்னால் குதித்தார்.

வெளியே என்றால் எங்கே? வாசலைப் பார்த்தேன். எதிர்க் கம்பத்தில் லைன்மேன் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏறாதீங்க!" என்று அலறினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெயினை நோக்கிப் பாய்ந்தேன். என் கணவர் குறுக்கே விழுந்து என் கையை முறுக்கினார்.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

மூலையில் நின்ற இரும்பு உலக்கையை மற்றக் கையால் எடுத்து அவர் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு நொறுங்குவது என் கைக்குத் தெரிந்தது. மெயினை இறக்கினேன்.

வாசலுக்கு ஓடியபோது லைன்மேன் கம்பத்தடியில் கிடந்தார். உள்ளங்கை கரிந்திருந்தது. மூச்சு இருந்தது. கூட வந்தவர் எங்கள் வீட்டுக்குள் புகுந்து, என் கணவரின் சட்டையைப் பிடித்து மாறி மாறி அறைந்தார். நான் தடுக்கவில்லை.

லைன்மேன் பிழைத்தார். இரண்டு விரல்கள் போயின. உலக்கையை எடுத்ததற்காக நான் வருந்தியதே இல்லை. என் கணவர் கையை முறுக்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே எடுத்திருந்தால் அந்த விரல்கள் மிஞ்சியிருக்கும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்ததாகத்தான் இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போதும் கரண்ட் போனால் முதல் வேலையாக மெயினை இறக்குவேன். உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவேன். எதிர் வீட்டில் விளக்கு எரிகிறவரை என் கணவர் மாடியை விட்டு இறங்கமாட்டார்.