பல்லு புடுங்கின சவரியும் ஊதாத டிரம்பட்டும்

நம்ம சவரிக்குப் போன மாசம் கடவாப்பல்லு புடுங்கினாங்க. சவரி யாருன்றீங்களா? பூந்தமல்லி பேண்டு செட்ல டிரம்பட் ஊதுறவன். கல்யாணம், சாவு, மாதா தேரு... அவன் ஊதினா நூம்பல் வரைக்கும் கேக்கும். நானும் அதே செட்ல பெரிய டிரம் அடிச்சவன்தான். முட்டி போச்சு, உட்டுட்டேன் — அந்தக் கதை இப்போ வேணாம்.

துணைக்கு நான் போயிருந்தேன். டாக்டரம்மா பஞ்சைக் கடிக்க வெச்சுட்டு பொறுமையா சொல்லிச்சு. இன்னிக்கு வாய் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது. குழியில ரத்தம் உறைஞ்சு நிக்கும், அதான் புண்ணுக்கு மூடி. நாளைலேந்து வெதுவெதுன்னு உப்புத் தண்ணி — வாயில வெச்சுகினு தலையை சாய்ச்சு, தானா வழிய உடணும். டிரம்பட்டா? நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்கன்னுச்சு.

சவரி நல்லா தலையாட்டினான். ஊட்டுக்கு வந்து இன்னா பண்ணான்?

நமக்கு வாய் கழுவுறதுன்னா தெருக்கோடி வரைக்கும் சத்தம் கேக்கணுமே. வாயில ரத்த ருசி கிடந்தா அவனுக்கு உடம்பே கூசுதாம். சொம்பு நிறைய உப்புத் தண்ணி, கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி... ஊதிப் பழகின கன்னமாச்சே. மூடி பேந்துகினு வந்துடுச்சு.

அப்புறம் காது வரைக்கும் வலி. திரும்ப ஓடினோம். டாக்டரம்மா திட்டலை. குழியைக் கழுவி மருந்து வெச்சுது. "புண்ணு அதுவா ஆறும்யா. நீங்க அதை சும்மா உட்டா போதும்"னுச்சு.

அந்த வாரம் பாத்து எங்க கிளாரினெட் பீட்டர் திருமுல்லைவாயில்ல தவறிட்டான். செட்ல ஒரு வழக்கம் கீது — கூட வாசிச்சவன் போனா, ஊட்லேந்து கல்லறை வரைக்கும் எல்லாரும் வாசிச்சுகினே போவணும். சவரி வீங்கின கன்னத்தோட, டிரம்பட்டைத் தொடைச்சுகினு வந்து நின்னான்.

"ஊதப்போறியாடா?"ன்னேன்.

"ஊதாம எப்படிண்ணாத்தே? அவன் இன்னா நெனைப்பான்?"

"அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான். உன் பல்லுக்குழிதான் நெனைக்கும்."

ஊர்வலம் கிளம்புச்சு. அப்புறம் டிரம்பட்டை உதட்டுல வெச்சான். காத்து உடலை. பட்டனை மட்டும் அழுத்திகினே நடந்தான். "இன்னா மாமே, மியூட்ல போட்டுட்டியா?"ன்னு சைடு டிரம்காரன் ஓட்டினான். சவரி திரும்பலை. ஒரு விரல் தப்பலை. கண்ணுலதான் தண்ணி.

மண்ணு போட்டு முடிச்சதும் பீட்டர் சம்சாரம் ஸ்டெல்லா சவரிகிட்ட வந்துச்சு. இவன் தலையைத் தொங்கப் போட்டுகினு நின்னான்.

"ஊதலைன்னு வருத்தப்படாதீங்கண்ணே. மூச்சு வாங்க ஆரம்பிச்ச பொறவு அவரும் இப்படித்தான். கிளாரினெட்டை நெஞ்சு மேல வெச்சுகினு வெறும் விரலால வாசிப்பாரு. எனக்குக் கேக்கும்."

இப்போ சவரி உப்புத் தண்ணியை வாயில வெச்சுகினு கம்முனு நிக்கிறான். குழி மூடிகினு வருது. எதையும் அலசிக் காறித் துப்பினாதான் போவும்னு நெனைச்சுகினு கீறோம். சிலது சும்மா உட்டாதான் ஆறுது. பல்லு மட்டுமா?

தெருவும் காலைல அமைதியா கீது. அக்கம்பக்கத்துக்காரங்க டாக்டரம்மா அட்ரஸ் கேக்குறாங்க — பல்லு வலிக்கு இல்லை, நன்றி சொல்ல.